எமன் கேட்டிராத பெயர்

எங்கள் வீட்டில் யார் பெயரையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. இருக்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். போனவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது? ஒரே ஒரு பெயரை மட்டும் எழுதுவேன். எந்தக் கோயிலிலும் அர்ச்சனைக்குச் சொல்லப்படாத பெயர் அது. நானும் என் தங்கையும் சேர்ந்து உண்டாக்கியது. அதற்கு என்ன கதி நேர்ந்தது என்று சொல்ல எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது. துக்கத்தால் மட்டும் இல்லை, கோபத்தாலும்தான். துக்கமாவது கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது. கோபம் அப்படியே இருக்கிறது.

அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு முன்கட்டில் இரண்டு தறிகள் இருந்தன. குழித்தறி. நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிக்க வேண்டும். அப்பா சாப்பிடப் போகிற நேரத்தில் நானும் தங்கையும் அந்தக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்வோம். கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தது. அது வழியாக ஒரு துண்டு வெளிச்சம் தறியில் நீட்டிக் கட்டிய பாவின் இழைகளுக்கு நடுவே புகுந்து எங்கள் மடியில் விழும். குழிக்குக் கீழே இன்னொரு தேசம் இருக்கிறது என்று முதலில் சொன்னது அவள்தான். அவள் என்னைவிடச் சின்னவள், ஆனால் பொய் சொல்வதில் பெரியவள். நான் நம்பினேன். நம்புவதற்கு வேறு என்ன இருந்தது எங்களுக்கு? காலையில் எழுந்தால் ராட்டை, மத்தியானம் ராட்டை, விளக்கு வைக்கிற வரைக்கும் ராட்டை. கீழ்த்தேசத்தில் யாரும் நூல் சுற்ற வேண்டாம் என்றாள். அங்கே யானைகள் உள்ளங்கை அளவுதான் இருக்கும். குளங்கள் ஓரிடத்தில் நிற்காமல் தாமாக நகர்ந்து தாகம் எடுத்தவரைத் தேடி வரும். பெண்பிள்ளைகளை யாரும் எங்கேயும் கட்டிக்கொடுத்து அனுப்ப மாட்டார்கள்.

அந்தத் தேசத்துக்கு ஒரு பாஷை வேண்டியிருந்தது. எங்களைச் சில வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ழ, ள, ண, ற இவையெல்லாம் எந்தச் சொல்லுக்கும் முதலில் வராது என்று அங்கே டீச்சர் ஒரு நாள் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "அதுங்க மட்டும் எப்பவும் பின்னாலயே நிக்கணுமாக்கா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து கீழ்த்தேசத்தில் சொற்களுக்கெல்லாம் அந்த எழுத்துகளே முதலில் நின்றன. றூ என்றால் வா. ளெமி என்றால் வெளிச்சம், அதிலும் கண்ணாடி ஓடு வழியாக விழுகிற சின்ன வெளிச்சம். சூரியனுக்கு வேறு சொல் இருந்தது, மறந்துவிட்டேன். ழூவெ என்றால் போகாதே. அந்தச் சொல் எங்களுக்கு அடிக்கடி தேவைப்பட்டது. ராட்டைக்குக் கூப்பிடும்போதெல்லாம் ஒருத்தி போக வேண்டியிருக்கும், மற்றவள் ழூவெ என்பாள்.

பெயர்களுக்கு அங்கே ஒரு சட்டம் வைத்திருந்தோம். மேலே எங்கள் தெருவில் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். எல்லாம் சாமி பெயர், இல்லாவிட்டால் செத்துப்போன தாத்தன் பெயர். கீழே அப்படிக் கிடையாது. ஒரு பெயர் ஒரே ஓர் ஆளுக்குத்தான். அதற்கு முன்னால் அதை யாரும் உச்சரித்திருக்கக் கூடாது. அது ஒரு பூவின் பெயராகவோ ஊரின் பெயராகவோ இருக்கக் கூடாது. அவருக்காகவே புதிதாகச் செய்ய வேண்டும். எங்களுக்கும் செய்துகொள்ளப் பார்த்தோம், ஒன்றும் பிடிக்கவில்லை. பிறகு பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். என்னை இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். அவளை மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊருக்குக் கொடுத்தார்கள். அங்கேயும் தறிதான், கூட மானம் பார்த்த மேட்டுக்காடு ஒரு துண்டு. விளையாட்டு அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அவளுக்கு முதலில் பிறந்தது பெண். தலை நிற்பதற்குள் போய்விட்டது. இரண்டாவது பையன். தவழ்ந்து வாசற்படி வரைக்கும் வந்தவன், ஒரு வாரக் காய்ச்சலில் போனான். முதலாவதுக்குக் குலதெய்வத்தின் பெயர், இரண்டாவதுக்கு மாமனாரின் பெயர். இரண்டும் கைகொடுக்கவில்லை. நான் ஒவ்வொரு முறையும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். என்ன பேசினேன் என்று இப்போது நினைவில்லை, பேசுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

மூன்றாவது பிரசவத்துக்கு அவளை அம்மா வீட்டுக்கு அழைத்து வந்தோம். பையன் பிறந்தான். தொப்புள்கொடி விழுவதற்குள் அவள் மாமியார் ஊரிலிருந்து வந்து இறங்கிவிட்டார். கையில் முறம், மடியில் தவிடு. பிள்ளைகள் நிற்காத வீடுகளில் செய்வதுதான். பிறந்த குழந்தையை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். வேறு ஒருத்தி அந்தப் பக்கம் தற்செயலாக வருகிற மாதிரி வந்து, யாரோ எறிந்துவிட்டுப் போன பிள்ளை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பெற்றவள் அவளிடம் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு அதற்குக் குப்பையை வைத்தே ஒரு பெயர். தவிட்டுக்கு வாங்கிய குப்பையை எமன் எதற்குத் தூக்கப் போகிறான் என்று கணக்கு.

அம்மாபேட்டையில் குப்பைமேட்டுக்கு எங்கே போவது? எங்கள் தெரு முனிசிபாலிட்டியைச் சேர்ந்தது. அன்று காலையில்தான் வண்டி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருந்தது. அந்த அம்மாள் தெருமுனையில் முறத்தோடு நின்றுகொண்டு, "என்ன ஊருங்க இது, ஒரு குப்பைக்கு வழியில்லையே!" என்று எங்கள் அம்மாவைப் பார்த்துக் கேட்டார். அம்மா உள்ளே ஓடி அடுப்புச் சாம்பலும் நூல் கழிவும் வெங்காயத் தோலும் வாரிக்கொண்டு வந்து கொட்டினாள். அதன்மேல் குழந்தையை வைத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கை கதவோரம் நின்றவள் சிரிக்கவில்லை. மூக்குக் குத்தி, பெயர் வைத்து, எல்லாம் முடித்த திருப்தியோடு மாமியார் அடுத்த நாள் பஸ் ஏறினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முந்தின இரண்டு பிள்ளைகளுக்கும் மாரில் அடித்துக்கொண்டு அழுதவர்தான். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது.

அவர் போன பிறகு நான் தினமும் மத்தியானம் போவேன். குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் அவள் சொன்னாள்.

"அக்கா, இந்தப் பேரு மட்டும் எமனுக்குத் தெரியாதா? எங்க ஊர்ல இந்தப் பேர் வச்ச புள்ளைங்க எத்தன செத்திருக்கு தெரியுமா? அவன் கேட்டுக் கேட்டுப் பழகின பேரு இது."

"வேற என்னடி பண்றது?"

"நம்ம பாஷையில வைக்கலாம். அத யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அவனும் கேட்டிருக்க மாட்டான்."

நான் சிரித்தேன். கீழ்த்தேசத்தை நாங்கள் பேசி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன். இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவளிடம் போய் இது விளையாட்டு என்று எந்த வாயால் சொல்வது?

அந்தப் பெயரைச் செய்ய எங்களுக்குப் பல மத்தியானங்கள் ஆயின. உள்ளங்கை யானைக்கு நாங்கள் வைத்திருந்த சொல்லை வைக்கலாமா என்றேன். அது யானையுடையது, சட்டத்துக்கு ஒத்து வராது என்றாள். இந்த விஷயத்தில் அவள் எந்த வக்கீலுக்கும் சளைத்தவள் இல்லை. ழூவெ அதில் இருந்தே ஆக வேண்டும் என்றாள்.

"போகாதேன்னு ஒரு பேரா? அது பேர் இல்லடி, கெஞ்சறது."

"பேருன்னா கெஞ்சறதுதானேக்கா?"

ழூவெ மட்டும் போதாது, அவனுக்கென்று ஏதாவது வேண்டும் என்றேன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ளெமி என்றாள். இரண்டையும் சேர்த்தால் நாக்கு இடறியது. அதற்காக விடவில்லை. நான் வெங்காயம் உரிக்கும்போது சொல்லிப் பார்ப்பேன், அவள் பால் கொடுக்கும்போது சொல்லிப் பார்ப்பாள். மறுநாள் இரண்டு பேரும் ஒப்பிட்டுப் பார்ப்போம். வாயில் போட்டு உருட்டிக்கொண்டே இருந்ததில் நடுவில் இருந்த எழுத்துத் தானாகத் தேய்ந்து விழுந்தது. ழூவெமி என்று நின்றது. என் வாயிலும் அவள் வாயிலும் ஒரே நாளில் அப்படி வந்தது. இதுதான் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

அவள் குனிந்து குழந்தையின் காதில் அதைச் சொன்னாள். பிள்ளை சிரித்தது, கண்ணை விரித்துப் பார்த்தது என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். அவன் கொட்டாவி விட்டான். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. வெளியே குப்பைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், எமன் அதைக் கேட்டு ஏமாந்து போகட்டும். ழூவெமி என்பதை யார் காதிலும் விழாமல் அவள் மட்டும் கூப்பிட வேண்டும், நான் வந்தால் நானும் கூப்பிடலாம். இப்படித்தான் பேசி வைத்துக்கொண்டோம்.

அவன் வளர்ந்தான். முந்தின இரண்டும் தாண்டாத இடத்தையெல்லாம் தாண்டினான். நடந்தான், ஓடினான், கோழியைத் துரத்திக் கொத்து வாங்கினான். நான் அவள் ஊருக்குப் போயிருந்த சமயம் அவன் பாட்டி குப்பைப் பெயரைச் சொல்லித் தொண்டை வறளக் கூப்பிட்டார். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காது மந்தமாட்ட இருக்குதுங்க இவனுக்கு" என்று என்னிடம் வருத்தப்பட்டார். தங்கை அடுப்படியிலிருந்து மெல்ல அந்தப் பெயரைச் சொன்னதும் வாசலில் இருந்தவன் விழுந்தடித்து உள்ளே ஓடினான். நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் முகத்தில் அப்படி ஒரு கர்வம். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று உண்மையாகவே நம்பினேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு முட்டாளாகவும் அவ்வளவு சந்தோஷமாகவும் இருந்த நாள் வேறு இல்லை.

அடுத்த கோடையில் அந்தப் பக்கத்துக் கிணறுகளெல்லாம் அடிமண் தெரிய வற்றின. கலங்கல் தண்ணீரைக் குடித்த ஊருக்குப் பேதி வந்தது. காலையில் அவன் பழைய சோறு தின்றானாம். உச்சிப்பொழுதுக்குள் முடிந்துவிட்டதாம். எனக்குச் செய்தி வந்து, நான் வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது புதைத்துவிட்டு வந்து குளித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "குப்பைப் பேரு வெச்சும் நிக்கலையே அம்முணி" என்று கதறினார். தங்கை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எமன் எந்தப் பாஷையையும் படித்துக்கொள்கிறவன் போலிருக்கிறது.

கொஞ்ச நாளில் அவள் கூப்பிட ஆரம்பித்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் கிளுவை வேலியோரம் போய் நின்றுகொண்டு, "ழூவெமி, றூ! ழூவெமி, றூ!" என்று கூப்பிடுவாள். ஒளிவுமறைவு இல்லாமல், ஊர் கேட்க. அதுவரை அடுப்படியில் கிசுகிசுத்த பெயரைத் தொண்டை கிழியக் கத்தினாள். இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? நடுநடுவே எங்கள் பாஷையில் நீளமாக என்னவோ பேசுவாளாம். பாதியை அவளே புதிதாக உண்டாக்கியிருக்க வேண்டும். ஊரில் கூட்டம் கூடிவிட்டது. இது தமிழே இல்லை, தெலுங்கும் இல்லை, எங்கேயோ செத்த ஆவி ஒன்று இவளைப் பிடித்துக்கொண்டு பேசுகிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

எனக்கு மறுபடியும் ஆள் வந்தது. நான் போய் அவள் மாமியாரிடம் சொன்னேன். "பேயும் இல்ல, பிசாசும் இல்லங்க. நாங்க சின்ன வயசுல வெளையாட்டுக்குப் பேசின பேச்சுங்க அது."

"வெளையாட்டுப் பேச்ச எந்தப் பொம்பளையாச்சும் இப்படி அழுதுக்கிட்டுப் பேசுவாளா அம்முணி? அது ஆரையோ பேர் சொல்லிக் கூப்புடுது. நீ சின்னப் புள்ள, உனக்கு இதெல்லாம் தெரியாது."

அது பேரன் பெயர் என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு தனியாக இருக்கும்போது என் புடவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்போது நல்ல தமிழில், நல்ல தெளிவோடுதான் பேசினாள்.

"சொல்லிடாதக்கா. குப்பைப் பேர்ல இருந்தவனுக்குத் திருட்டுத்தனமா வேற பேர் வச்சு இவதான் கொன்னுட்டான்னு சொல்லுவாங்க."

"சொன்னா சொல்லட்டும்டி."

"நானே அதத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன். அத இன்னொருத்தர் வாயால கேட்டா நான் இருக்க மாட்டேன்."

அதற்குமேல் நான் என்ன செய்வது? பேய் பிடித்தவள் என்று இருந்தால் அடி வாங்குவாள். பெற்ற பிள்ளையைக் கொன்றவள் என்று ஆனால் கிணற்றில் விழுவாள். கிணற்றில் தண்ணீர் இல்லை என்பதுகூட அவளுக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்காது. நான் வாயை மூடிக்கொண்டேன். அது தப்பு என்று யாராவது சொன்னால் அவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை. அவள் புருஷன் நல்லவன்தான், ஆனால் நல்லவனால் ஒன்றும் ஆகவில்லை. அம்மா சொன்னதற்கும் ஊர் சொன்னதற்கும் தலையாட்டினான்.

அமாவாசையன்று ஏரிக்கரைக் கோயிலுக்கு அவளைக் கொண்டுபோனார்கள். பட்டப்பகல், சுடுவெயில். உடுக்கை அடித்துப் பேயோட்டுகிற கோடாங்கி ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றி அவளை எதிரில் உட்கார வைத்தார்கள். ஊரே சுற்றி நின்றது. பின்னால் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்ள என்னை உட்கார வைத்தார்கள். பேயோட்டுவதில் முதல் காரியம் பேயின் பெயரைக் கேட்டு வாங்குவது. பெயர் தெரிந்துவிட்டால் பிறகு அது அவருக்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

"ஆரு நீ? எந்த ஊரு? பேரச் சொல்லு!"

உடுக்கை வேகம் பிடித்தது. புளியம் விளாரால் முதுகில் அடித்தார். அடி என் கையிலும் விழுந்தது, அதைப் பற்றி இல்லை. பேரைச் சொல்லு, பேரைச் சொல்லு என்று கூட்டமும் சேர்ந்து கத்தியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். எப்படியாவது சொல்லாமல் இருந்துவிடு என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். அப்போது அவர் அடிப்பதை நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சொல்லு சாமி, பேரு என்ன?" என்று கேட்டார். தந்திரம்தான், வேறென்ன. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ழூவெமி" என்றாள்.

கூட்டம் ஹோவென்று இரைந்தது. அவர் துள்ளி எழுந்தார். "ழூவெமி! ழூவெமி! இவள உட்டுட்டுப் போறயா, இல்லயா?" நாலு பேருக்கு நடுவில் உடுக்கைச் சத்தத்தில் அந்தப் பெயர் கிடந்து புரண்டது. போ, போ என்று கிழவி முதல் குழந்தை வரைக்கும் கத்தினார்கள். போகாதே என்பதை வைத்து நாங்கள் செய்த பெயர். போகிறேன் என்று பேய் தன் வாயால் சொன்னால்தான் விடுவார்கள். அவள் சொல்லவில்லை. மறுபடியும் விளார் எழுந்தது. நெடுநேரம் அடித்தார். கடைசியில் நான்தான் அவள் காதில், "சொல்லிடுடி, சொல்லித் தொலச்சிடு" என்றேன்.

"ழூவெமி போறேன்" என்றாள் அவள். பிறகு, "போயிட்டேன்" என்றாள்.

தலையில் ஒரு கல்லை ஏற்றி அவளைப் புளியமரம் வரைக்கும் ஓட வைத்தார்கள். உச்சிமுடியில் ஒரு கொத்தை முடிந்து, மரத்தோடு வைத்து இரும்பு ஆணி அடித்து, முடியை அறுத்துவிட்டார்கள். பேயை மரத்தில் கட்டியாகிவிட்டது, இனி அது ஆணியை விட்டு நகராது என்றார் கோடாங்கி. ஊர் நிம்மதியாகச் சாப்பிடப் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அவள் முதுகில் மஞ்சள் அரைத்துப் பூசினேன். ஏன்டி அவரிடம் சொன்னாய் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"யாருமே அவன் பேர் என்னன்னு என்னக் கேட்டதில்லக்கா. அவர் ஒருத்தர்தான் கேட்டாரு."

அதன் பிறகு அவளுக்குக் குணமாகிவிட்டது என்று சொன்னார்கள். குணம் என்றால் வேலை செய்தாள், நூல் சுற்றினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். வேலியோரம் போகவில்லை. அந்தப் பெயர் இனி அவள் வாயிலிருந்து வந்தால் கட்டுப்போட்ட பேய் திரும்பிவிட்டது என்று மறுபடியும் ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். அதனால் அவள் அதைச் சொல்லக் கூடாது. வீட்டுக்குள்ளும் கூடாது, தூக்கத்திலும் கூடாது. தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று பயந்து அவள் வாயில் துணியை வைத்துக்கொண்டு படுப்பதை நானே பார்த்திருக்கிறேன். செத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி அழுவது எந்தப் பிச்சைக்காரிக்கும் உள்ள பாத்தியதை. இவளுக்கு அதுவும் இல்லை. அவளுக்கு அப்புறம் பிள்ளையும் பிறக்கவில்லை.

யுத்தம் வந்து, பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓட ஆரம்பித்திருந்த காலத்தில் ஒரு முறை அவளைப் பார்க்கப் போனேன். மேடு வந்தால் எல்லாரையும் இறக்கித் தள்ளச் சொல்வார்கள், அப்படித் தள்ளித் தள்ளிச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். மாமியார் படுத்த படுக்கையாக இருந்தார். தங்கை எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு குட்டைச்சுவர். அதை ஒட்டி ஒரு கல்லைப் போட்டு வைத்திருந்தாள். அதில் உட்கார்ந்துகொண்டாள். பேச்சுக் கொடுத்தேன், உம் கொட்டினாளே தவிரக் காது என்னிடம் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெண் தன் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுக் கதையெல்லாம் முடிந்த பிறகு வாழ வந்த சின்னப் பெண். குழந்தை வாயை இறுக்கி மூடிக்கொண்டு அடம் பிடித்தது.

"தின்னுடு சாமி. தின்னாட்டி என்ன வரும்? புளியமரத்துல இருந்து ழூவெமி வரும்! இதா கூப்புடறேன் பாரு. ழூவெமி! ழூவெமி! இங்கெ ஒரு புள்ள சோறு திங்க மாட்டீங்குது, வந்து புடிச்சுட்டுப் போ!"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஊரில் பிள்ளைகளைப் பயம் காட்ட எல்லா வீட்டிலும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அப்போது அது தெரியாது. எழுந்துபோய் அந்தப் பெண்ணை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று புடவையை இழுத்துச் செருகினேன். தங்கை என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பயப்படுவாள், அழுவாள் என்று பார்த்தால் அவள் முகத்தில் அதெல்லாம் இல்லை.

"ஒண்ணும் சொல்லிடாதக்கா. அவ நிறுத்திடுவா" என்றாள் மெதுவாக. "நான் கூப்புட முடியாது. தெனமும் இந்நேரத்துக்கு அவதான் அவனக் கூப்புடறா."

அந்தப் பக்கம் குழந்தை பயந்துபோய் ஒரு வாய் வாங்கிக்கொண்டது. அடுத்த வாய்க்கு அது மறுபடியும் அடம் பிடிக்க வேண்டுமே என்று என் தங்கை சுவரில் காதை வைத்துக் காத்திருந்தாள்.